போன் அடித்தால் எடுக்காதே

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் எங்கள் அறையில் இருந்த பிளம்பர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறார். அவர் தரும் சின்னப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரி. உள்ளே இருப்பது என் பழைய சிம். நகத்தளவுதான் இருக்கும். கீழே விழுந்துவிட்டால், நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தும் ஒரு புண்ணியமும் இல்லை.

வந்து இறங்கிய கதையைச் சொல்கிறேன், சிரிக்காதே. விமானத்தை விட்டு வெளியே வந்ததும் போனைப் போட்டேன். உடனே "வருக, வருக" என்று ஒரு செய்தி. நம்மையும் ஒருத்தன் மதித்து வரவேற்கிறானே என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் கட்டணம் போட்டிருந்ததைப் படிக்கவில்லை. போன் பாட்டுக்கு என் சட்டைப் பையில் கிடந்தபடியே நாலு நாள் எதையெதையோ இறக்கித் தள்ளியிருக்கிறது. பில் வந்தபோது என் கை கால் ஓடவில்லை. பக்கத்துக் கட்டில் பெயிண்டர்தான் தலையில் அடித்துக்கொண்டான்.

"ரோமிங்கை அணைக்காமலா எறங்கினீங்க? இது தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டுத் தூங்கின கதைண்ணே."

இப்போது எல்லாவற்றையும் அவனே சரிசெய்து கொடுத்துவிட்டான். உள்ளூரில் பேச இங்கத்து சிம். அறையில் வைஃபை இருக்கிறது, அதில் வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடுகிறது. நீயும் நானும் அதில் பேசினால் காலணா ஆகாது. மிச்சமிருப்பது பேங்க் அனுப்பும் ஓடிபி ஒன்றுதான். அது பழைய சிம்முக்குத்தான் வரும். அலமாரியில் மூலை உடைந்த என் பழைய போன் கிடக்கிறதே, அதில் இந்த சிம்மைப் போட்டு உன்னோடு வைத்துக்கொள். நான் கேட்கும்போது ஓடிபியைப் படித்துச் சொன்னால் போதும்.

ஒரே ஒரு விஷயம். போன் அடித்தால் எடுக்காதே. எடுத்தால், "அண்ணன் எங்கே, எப்போ வருவார், நம்பர் குடு" என்று உன்னைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள். அதிலும் ஊசி கூப்பிட்டால் கண்டிப்பாக எடுக்காதே. ஆறு வருஷம் ஒரே லிஃப்ட் குழியில் என்னோடு கிடந்தவனுக்கு இப்படியா என்று நினைக்காதே. அவனிடம் நானே பிறகு பேசிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்

*

ஜூன் 5

அண்ணாவுக்கு,

நீ பதினைந்து நாளாக என் போனுக்கு அனுப்பும் எதையும் நான் திறக்கவில்லை. கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்தப் போன் அடித்தாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. என்னோடு பேச வேண்டுமென்றால் எழுது. நானும் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் பிறகு நீயும் மாற்றிச் சொல்ல முடியாது, நானும் மாற்றிச் சொல்ல முடியாது.

அன்று போனில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "ஊசி போயிட்டான்" என்று நான் அழுதேன். அஞ்சு தடவை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை என்றேன். அதற்கு நீ, "எடுக்காததே நல்லது. எடுத்திருந்தா உன்னையும் விசாரணைன்னு இழுத்திருப்பாங்க" என்றாய். அப்போதுதான் இணைப்பைத் துண்டித்தேன்.

இதுவரை முழுசாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். மே பத்தொன்பது. மதியத்துக்கு மேல். கடையில் நான் ஒரு லென்ஸைச் சக்கரத்தில் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உன் போன் மேசை இழுப்பறையில், துடைக்கும் துணிகளுக்கு மேல் கிடந்தது. மூன்று பத்துக்கு அடித்தது. எட்டிப் பார்த்தேன். ஊசி என்று பெயர் வந்தது. நீ சொன்னபடி விட்டுவிட்டேன். மூன்று பன்னிரண்டுக்கு மறுபடி. மூன்று பதினைந்துக்கு மறுபடி. முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் போனைத் துணிக்கு அடியில் தள்ளினேன். இன்னும் இரண்டு முறை துணிக்கடியில் அது உறுமியது, இழுப்பறையே அதிர்ந்தது. "என்ன இவன், இந்தப் பாடு படுத்துறான்" என்றுகூட நினைத்தேன் அண்ணா. அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றே முக்காலுக்கு, நீங்கள் இரண்டு பேரும் பார்த்துவந்த அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் அவன்மேல் வந்திருக்கிறது. நாலாம் மாடிக் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். மறுநாள் செய்தித்தாளில் நாலே வரி.

அவன் நம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்றே, "கண்ணாடிக்காரம்மா, என் கண்ணுக்கு நீங்க ரெண்டு பேராத் தெரியிறீங்க, ரெண்டு பேரும் டீ போடுங்க" என்பான். அவன் தெரு முனை வரை போனேன். வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

இப்போது கேள். அவன் போன பதினாறாம் நாள் வேலைக்குப் போயிருந்தேன். மூன்று பத்துக்கு இழுப்பறையில் போன் அடித்தது. திறந்தேன். ஊசி.

கையில் இருந்த லென்ஸ் விழுந்து உடைந்தது. அது அடித்து ஓய்ந்தது. நேற்றும் அதே நேரத்துக்கு அடித்தது. இன்றும் அடித்தது. அதே பெயர்.

அணைத்து வைக்கலாம். சார்ஜ் தீரும்வரை விட்டாலே போதும். ஆனால் கடை மூடும்போது என் கையே அதை எடுத்துச் சார்ஜில் போடுகிறது. ஏனென்று எனக்கே தெரியவில்லை.

உன் தங்கை

*

ஜூன் 17

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன்.

பயப்படாதே. செத்தவர்கள் போன் செய்வதில்லை. அவன் போன் யார் கையிலோ இருக்கிறது. வீட்டில் யாராவது எடுத்திருப்பார்கள், பழைய எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்கள். நாலு நாளில் அதுவாக நின்றுவிடும். நீ எடுக்காமல் இரு. முடிந்தால் சிம்மைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றி வை. ஆனால் கழற்றும் முன் ஒரு வேலை. பத்தாம் தேதிக்கு மேல் பேங்கிலிருந்து ஒரு செய்தி வந்திருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்து எழுது. நீ பேசாமல் இருப்பதால் இங்கே எனக்கு ஒரு காரியமும் நடக்கவில்லை.

அன்று நான் பேசியது தப்புதான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் நான் இருந்த நிலை அப்படி.

ஊசி கெட்டிக்காரன். எனக்குத் தெரிந்து அவனைப்போலக் கை சுத்தமான மெக்கானிக் கிடையாது. ஒரு முழ இடுக்கு இருந்தாலும் நுழைந்து வந்துவிடுவான், அதனால்தானே அந்தப் பெயர். அவனுக்கு இப்படி நடந்ததற்கு நீ என்ன செய்வாய்? நீ எடுத்திருந்தாலும், "அண்ணன் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பாய். அவனும் சரி என்று வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்கு இங்கே தூக்கம் சரியில்லை. வேலை அதிகம். இருபத்திரண்டு மாடி, ஆறு லிஃப்ட்.

அந்த அழைப்பு நின்றுவிட்டதா என்று எழுது.

அண்ணன்

*

ஜூன் 30

அண்ணாவுக்கு,

பேங்க் செய்தியைப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

அழைப்பு நிற்கவில்லை. நான் எடுத்துவிட்டேன்.

போன திங்கள்கிழமை. மூன்று பத்துக்கு அடித்ததும் முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன். பச்சையை அழுத்திக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அண்ணா, அந்த ஒரு நொடி ஊசிதான் இருக்கிறான் என்றே நம்பினேன். நம்ப வேண்டும்போல இருந்தது.

"யாரு?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஊசியின் மனைவி.

"நான்தான்க்கா. கண்ணாடிக் கடை."

"நீயா?" என்றாள். "உங்க அண்ணன் போனு உங்கிட்டயா இருக்கு? அவரு போன்ல கடைசியா இருந்தது இந்த நம்பர்தான். அஞ்சு தடவ. அதான் அதே நேரத்துக்கு நானும் அடிக்கிறேன். ஒருநாள் இல்ல ஒருநாள் யாராச்சும் எடுப்பாங்கன்னு."

நீ வெளிநாடு போனதே ஊசிக்கு நீ போய் மூன்று நாள் கழித்துத்தான் தெரியுமாம். கம்பெனியில் யாரோ சொன்னார்களாம். "சாப்பிட உக்காந்தவரு அப்படியே எந்திரிச்சிட்டாரு. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்புறம் அவராவே, போகட்டும், அண்ணன் நல்லா இருக்கட்டும்னாரு" என்றாள். அந்த வேலைக்கு நீங்கள் இரண்டு பேரும்தானே சேர்ந்து எழுதிப்போட்டீர்கள்? நேர்காணலுக்கு நீ மட்டும் போனாயா? அவனுக்குச் சொல்லவே இல்லையா? அதனால்தான் மற்றவர்களைப் பொத்தாம்பொதுவாகச் சொன்ன நீ, அவன் பெயரை மட்டும் தனியாக எழுதினாயா?

இன்னொன்று. விசாரணை அறிக்கை வந்துவிட்டது. நாலாம் மாடிக் கதவுப் பூட்டில் ஒரு துண்டு ஒயர் இருந்ததாம். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது, அதற்குத்தான் அந்தப் பூட்டு. அதை ஏமாற்ற யாரோ ஒயரைப் போட்டிருக்கிறார்கள். "யாரோ" இல்லை, ஊசியேதான் போட்டான், விதியை மீறினான், தானே சாவைத் தேடிக்கொண்டான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். கம்பெனியும் அதையே சொல்கிறது, கட்டடக்காரர்களும் அதையே சொல்கிறார்கள்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அவரு கை வெச்ச ஒயரா இருந்தா முனையில டேப் சுத்தியிருக்கும். வீட்டு மிக்ஸிக்குக்கூடச் சுத்துவாரு. அந்தப் படத்தைக் காட்டுனாங்க. மொட்டையா இருந்துச்சு. அது அவரு வேலை இல்ல. உங்க அண்ணனுக்குத்தான் அந்த லிஃப்ட் அத்துப்படி. எதுக்கு அஞ்சு தடவ கூப்பிட்டாருன்னு அண்ணன்கிட்டக் கேட்டுச் சொல்லு."

கடைசியில், "அன்னைக்கு போன் எங்க இருந்துச்சு?" என்றாள்.

"வீட்டுல கிடந்துச்சுக்கா. நான் கடையில இருந்தேன்" என்று சொன்னேன்.

பொய். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா.

எதற்கு அஞ்சு தடவை கூப்பிட்டான்? கேட்டுச் சொல்லச் சொன்னாள், பதில் வரும்வரை தினமும் அதே நேரத்துக்கு அடிப்பேன் என்றாள். கேட்கிறேன்.

உன் தங்கை

*

ஜூலை 13

தங்கச்சிக்கு,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஒயரைப் போட்டது நான்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு. நாலாம் மாடிப் பூட்டு தேய்ந்துபோய், லிஃப்ட் நட்டநடுவில் நின்று நின்று போனது. புதுப் பூட்டு வர ஒரு வாரம் ஆகும். கட்டட மேலாளர் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "ஒரு வாரம் லிஃப்ட் இல்லாம எப்படி? ஏதாவது பண்ணி ஓட்டுங்க" என்றார். ஏதாவது பண்ணினேன். பையில் கிடந்த ஒரு துண்டு ஒயரை எடுத்துப் பூட்டின் இரண்டு முனையிலும் மாட்டினேன். டேப் தீர்ந்திருந்தது. அதைச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும், அதனால் பதிவேட்டில் எழுதவில்லை. வாயால் ஊசிக்குச் சொன்னால் போதும், புதுப் பூட்டு வந்ததும் எடுத்துவிடுவான் என்று நினைத்தேன்.

ஆனால் எப்படிச் சொல்வது? "நீ எடுத்துடு" என்றால், "ஏன், நீங்க எங்க போறீங்க?" என்று கேட்பான். நேர்காணலுக்கு நான் மட்டும் போனதைச் சொல்ல வேண்டும். இரண்டு இடம் என்றார்கள், பிறகு ஒன்று என்றார்கள். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் வந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது. அதனால், இரண்டு பேருக்குமாக என்னிடம் சொன்ன தேதியை அவனுக்குச் சொல்லவில்லை. அதை மறைத்ததால் இதையும் மறைத்தேன்.

விமானத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போடும்போது ஒயர் நினைவுக்கு வந்தது. இறங்கியதும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாலாம் நாள் அவன் எண்ணை எடுத்துவிட்டேன், தங்கச்சி. விரல் அழுத்தப் போன நேரம். அன்றைக்குத்தான் பில் வந்திருந்தது. பெயிண்டர் எட்டிப் பார்த்து, "ஊருக்கு நேராவா அடிக்கிறீங்க? நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு தெரியுமா? வாட்ஸ்அப்ல பேசுங்கண்ணே" என்றான். ஊசியிடம் இருந்தது பட்டன் போன். அதில் வாட்ஸ்அப் ஏது? போனைக் கீழே வைத்தேன். இந்நேரம் புதுப் பூட்டு வந்திருக்கும், மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லிஃப்ட்தான் ஓடுகிறதே என்று யாரும் மாற்றாமலே விட்டிருக்கிறார்கள்.

ஒரு நிமிஷம் பேசினால் போதும். "நாலாம் மாடியில ஒயர் இருக்கு, எடுத்துடு." இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அன்று ஊசி கதவைத் திறந்து வைத்திருக்கும்போதே லிஃப்ட் நகர்வதைப் பார்த்திருப்பான். ஏதோ தப்பு என்று தெரிந்திருக்கும். என்னைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பான். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்ய அந்த மேலாளர் விட்டிருக்க மாட்டார், எனக்கே விட்டதில்லை.

இங்கே என் பிழைப்பைக் கேள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பூட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். என் லிஃப்ட் ஆறு. மற்றவர்களுடைய லிஃப்டிலும் போய்த் தடவுகிறேன். மேஸ்திரி, "என்னத்தைத் தொலைச்ச?" என்று கேட்கிறார். குழிக்குள் இறங்கினால் என் பழைய போனின் மணி கேட்கிறது. அந்தப் போன் உன் இழுப்பறையில் இருக்கிறது என்று தெரிந்தும் பையைத் தடவிப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால் இந்த வேலையும் போகும், இனி எந்த லிஃப்டிலும் என்னைக் கைவைக்க விடமாட்டார்கள். வழக்கும் வரும். நான் என்ன செய்யட்டும்? நீ சொல்.

அண்ணன்

*

ஜூலை 27

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. உன்னை எத்தனை விதமாக ஏசலாமோ அத்தனை விதமாகவும் மனதுக்குள் ஏசித் தீர்த்தேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு ஊசியின் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை தெரு முனையில் நிற்கவில்லை.

அவள் தெருக்கோடி சலவைக் கடைக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிறாள். கூடத்தில் ஒரு மேசை, அதன்மேல் பழைய போர்வை, பக்கத்தில் தேய்த்து அடுக்கிய சட்டைகள். சுவரில் அவன் கருவிப்பை ஆணியில் தொங்குகிறது. அதன் கீழே அந்தப் பட்டன் போன் சார்ஜில் இருந்தது. என் கையும் அவள் கையும் ஒரே வேலையைத்தான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்திருக்கின்றன.

உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். போன் வீட்டுல இல்ல. எங்கிட்டதான் இருந்துச்சு. மேசை டிராயர்ல."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பேரு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"பேரப் பாத்துட்டு உள்ள வெச்சியா?"

"ஆமாக்கா."

ஒரு சட்டையின் கையை மடித்து முடித்தாள். இன்னொரு கையையும் மடித்தாள். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கை பை வரைக்கும் போனது. ஆனால் அண்ணா, நான் கொடுத்தால் அது கோள் சொன்னதாக ஆகும். நீ சொன்னதாக ஆகாது. "அவரே உங்ககிட்டச் சொல்லுவாரு" என்றேன்.

"சரி, போ" என்றாள். 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை. வெறும் 'போ'. படி இறங்கும்போது அது முதுகில் வந்து விழுந்தது.

நீ என்ன செய்வதென்று என்னைக் கேட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தோடு சிம்மை அனுப்புகிறேன். ஒரு அட்டையில் ஒட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரி. இனி இது என் இழுப்பறையில் அடிக்காது. உன் கையில் அடிக்கட்டும். ரோமிங்கைப் போட்டு வை. எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். அடித்தால் எடு.

உன் வேலை போவது எனக்குப் புரிகிறது. வழக்கு வந்தால் நானும்தான் உன்கூட நிற்க வேண்டும். நிற்கிறேன். ஆனால் ஒருத்தன் தன் தப்பால் செத்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் பிள்ளை பெரியவளாகி அதைப் படிப்பாள்.

ஒரு மாதம் பார்ப்பேன். அதற்குள் நீ பேசவில்லை என்றால் உன் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். கோள் சொன்னவள் என்ற பெயர் எனக்கு வரட்டும்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

சிம் வந்தது. மதிய இடைவேளையில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து போனில் போட்டேன். ரோமிங்கைத் திறந்தேன். மறுபடியும் அந்த "வருக, வருக". இந்தத் தடவை பொடி எழுத்தைப் படித்தேன். பெயிண்டர் அன்று மாலை என் போனைப் பார்த்துவிட்டு, "அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க, அங்கேருந்து கால் வந்தாலும் காசு எடுக்கிறவன் தலையிலதான் விழும், முதல்ல கழட்டுங்க" என்று குதித்தான். "இருக்கட்டும்டா" என்றேன்.

உங்கள் மூன்று பத்து இங்கே எனக்குச் சாப்பாட்டு நேரம். முதல் நாள் போனை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. நெட்வொர்க் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மூன்றாம் நாள், நாலாம் நாள். அடிக்கவே இல்லை. நீ உண்மையைச் சொன்ன அன்றோடு அவள் நிறுத்திவிட்டாள் என்று புரிய எனக்கு இத்தனை நாள் ஆனது. அவளுக்குத் தெரிய வேண்டியதில் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்காக அவள் இனி யாரிடமும் கெஞ்ச மாட்டாள்.

அடிக்கிறது என்று நீ எழுதியபோது பயந்தேன். அடிக்காமல் இருந்தபோதுதான் உண்மையான பயம் என்னவென்று தெரிந்தது. மோட்டார் ஓடி நிற்கும்போதெல்லாம் ஒரு அமைதி வரும் பார், அதில் அவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். ஒன்றும் கேட்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

ஐந்தாம் நாள், நேற்று, நானே கூப்பிட்டேன்.

திரையில் ஊசி என்று வந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணிக்கோ ஆறாவது மணிக்கோ எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியின்மேல் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தாம்மா" என்றேன்.

"தெரியுது. உங்க பேரு வருது" என்றாள்.

மூச்சு விடாமல் சொன்னேன். ஒயர், பூட்டு, மேலாளர், டேப் தீர்ந்தது, நேர்காணல், விமானம், நாலாம் நாள், எல்லாம். முன்னுக்குப் பின்னாக, ஒன்றோடு ஒன்று மோத, கொட்டினேன். நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும். முடித்ததும் அழுதேன். அவள் அழவில்லை.

"இருங்க" என்றாள்.

போனைக் கீழே வைக்கும் சத்தம். ஏதோ டப்பாவைத் திறந்தாள். "பாப்பா, அந்த நோட்டக் குடு, பேனா எங்க?" என்று தூரத்தில் கேட்டது. நாற்காலி இழுபட்டது. எத்தனை நிமிஷம் ஓடியதோ தெரியாது. நான் காதைவிட்டு எடுக்கவில்லை.

திரும்பி வந்தாள். "ம். இப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க. மெதுவா. தேதியோட."

சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி எழுதினாள். எழுதியதைத் திருப்பிப் படித்தாள். "'ஒரு துண்டு ஒயர்'னா எந்தக் கலரு?" என்று கேட்டாள். மஞ்சள் என்றேன். "'பதிவேட்டில் எழுதவில்லை.' சரியா?" சரி என்றேன். "'ஊசிக்குச் சொல்லவில்லை'ன்னு போடவா, அவரு பேரப் போடவா?" என்றாள். பெயரைப் போடு என்றேன். ஆறு வருஷத்தில் அவன் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"எதுக்கு அஞ்சு தடவ கூப்பிட்டாரு?" என்று கேட்டாள். "தெரியாதும்மா. கேட்க நான் இல்ல. ஒயர் போட்டீங்களான்னு கேட்கத்தான் இருக்கும்" என்றேன். அதை எழுதினாளா என்று தெரியவில்லை.

கடைசியில், "இதுக்குக் கீழ யாரு கையெழுத்துப் போடுறது?" என்றாள்.

"நான் வந்து போடுறேம்மா. விசாரணை ஆபீஸுக்கும் நானே வந்து சொல்றேன்."

வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. "கையெழுத்துக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மேஸ்திரியிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி வந்து சேருகிறேன். விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம், நான் நேராக அவள் வீட்டுக்குப் போய்விட்டு, அப்புறம் வீட்டுக்கு வருகிறேன்.

அண்ணன்